புது ஹைப்ரிட் பிக்கப்: எதை கம்பெனியிலேயே கேட்டு வாங்குவது, எதை அப்புறம் போடுவது?

தச்சுப்பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாள் யோசித்து ஃபோர்டு மாவெரிக் ஹைப்ரிட், 2025 மாடல், ஆல் வீல் டிரைவ் பதிவு செய்துவிட்டேன். ஆர்டரை மாற்ற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தினமும் ராத்திரி ஆப்ஷன் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் தச்சு வேலை செய்கிறேன். எட்டுக்கு நாலு பிளைவுட், ஒரு கருவிப் பெட்டி, சில நாள் கூட ஒரு உதவியாள். வாரக் கடைசியில் மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒரு சின்ன டிரெய்லர், சரக்கோடு சேர்த்து 900 கிலோ வரும். ஓட்டத்தில் பாதிக்கு மேல் ஊருக்குள்தான்.

மனதில் இருப்பவை: டிரெய்லர் இழுக்க டோயிங் பேக்கேஜ், பின்தொட்டிக்கு மேல் கூண்டு மாதிரி மூடுகிற கேனோபி, 18 அங்குல ரிம், மண்ணிலும் சேற்றிலும் ஓட பெரிய ஆல் டெரைன் டயர், வண்டியை உயர்த்த இரண்டு அங்குல லிஃப்ட், முன்னால் லைட் பார், அப்புறம் ரம்பம் ஓட்டுகிற அளவுக்கு ஒரு பெரிய இன்வர்ட்டர். எல்லாவற்றையும் போட முடியாது என்று தெரியும். எதை இப்போதே கேட்க வேண்டும்?

நெடுஞ்சாலை

டோயிங் பேக்கேஜ் இப்போதே. மற்றது எதுவாக இருந்தாலும் ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ரம்பத்துக்கு இன்வர்ட்டர் என்கிற யோசனை அந்த வண்டியில் நடக்காது, மின்கம்பி வந்தால் காரணம் சொல்வார்.

பழையகியர்

தம்பி, முப்பது வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஸ்பேனரை வைத்து அப்புறம் மாட்ட முடிகிற எதையும் இப்போது வாங்காதே, வண்டியின் வயிற்றுக்குள் போகிற எதையும் இப்போது விடாதே. ஆல் வீல் டிரைவ், கூலிங், ஒயரிங் இதெல்லாம் வயிற்றுக்குள் போகிறவை. ரிம், டயர், கேனோபி, மேட், லைட் எல்லாம் வெளியே மாட்டுகிறவை, அவை எங்கேயும் ஓடிப்போகாது.

டோயிங் விஷயத்துக்கு வருவோம். மாவெரிக் ஹைப்ரிட் 2022-இல் வந்தபோது முன்சக்கர டிரைவ் மட்டும்தான், இழுவை 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. ஹைப்ரிட்டில் ஆல் வீல் டிரைவ் 2025 மாடலில்தான் வந்தது, அதோடு சேர்த்து 4,000 பவுண்டு டோயிங் பேக்கேஜையும் எடுக்கலாம், அது 1,814 கிலோ. உன் டிரெய்லர் 900 கிலோ என்கிறாய். பேக்கேஜ் இல்லாத வண்டியில் வரம்புக்கு ஏழு கிலோதான் மிச்சம், ஒரு பெட்டி ஆணி கூட ஏற்றினால் தாண்டிவிடும்.

நிறைய பேர் டோயிங் பேக்கேஜ் என்றால் பின்னால் தொங்குகிற, டிரெய்லரைக் கோர்க்கிற ஹிட்ச் என்று நினைத்துவிடுகிறார்கள். ஹிட்ச்சை எந்தப் பட்டறையிலும் நான்கு போல்ட் போட்டு மாட்டிவிடலாம். ஆனால் பேக்கேஜில் வருகிற கூடுதல் கூலிங், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், ஏழு முனை பிளக், அதற்குப் பின்னால் இருக்கிற ஒயரிங், இவற்றையெல்லாம் அப்புறம் கோர்ப்பது பெரிய வேலை, கோர்த்தாலும் வண்டியின் வரம்பு காகிதத்தில் ஏறாது. ஹிட்ச் மட்டும் மாட்டியதால் இழுவைத் திறன் கூடிவிட்டது என்று நம்பி மேட்டில் எஞ்சினைச் சூடேற்றியவர்கள் என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று. மாவெரிக்குக்கு அதிகபட்சம் 1,500 பவுண்டு, 680 கிலோ என்று விளம்பரத்தில் இருக்கும். உன் வண்டியின் எண் அந்த ஸ்டிக்கரில்தான். ஆப்ஷன் கூடக் கூட அது குறையும். கேனோபியைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பார்.

தச்சுப்பட்டறை

ஐயா, கூட்டிப் பார்த்தேன், கொஞ்சம் அதிர்ச்சிதான்.

18 மில்லி பிளைவுட் ஒரு பலகை சுமார் 32 கிலோ. பத்துப் பலகை 320. நானும் உதவியாளும் 150. கருவிப் பெட்டி 90. இதுவே 560 ஆகிவிட்டது. நான் பார்த்து வைத்திருக்கும் கேனோபி 80 கிலோ, அதோடு 640. டிரெய்லர் மாட்டினால் அதன் மூக்கு எடை வண்டி மேல்தான் உட்காரும் என்று படித்தேன், மொத்தத்தில் பத்து சதவீதம் என்று வைத்தால் 90. மொத்தம் 730. 680-ஐத் தாண்டிவிட்டது. இதில் பெரிய டயர், லைட் பார், எதையும் சேர்க்கவே இல்லை.

பழையகியர்

அவ்வளவுதான் கணக்கு. மூக்கு எடையைப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை வை, பத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வால் ஆட்டும். நீ எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற மாட்டாய், ஆனால் கேனோபி மட்டும் தினமும் உன்னோடு வரும், காலியாக ஓடும்போதும் 80 கிலோ.

மின்கம்பி

கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஹைப்ரிட்டில் மின்சார வேலையைச் சாதாரண வண்டி மாதிரி நினைத்துச் செய்வதால்தான் அதிகம் கெட்டுப்போகிறது.

முதலில், இந்த மாதிரி முழு ஹைப்ரிட்டில் டைனமோ கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து டிசி டு டிசி கன்வர்ட்டர் ஒன்று மின்னழுத்தத்தைக் குறைத்து 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுக்கிறது. அந்த கன்வர்ட்டருக்கு ஓர் அளவு உண்டு. ஹெட்லைட், பவர் ஸ்டியரிங், பிரேக், எல்லா கம்ப்யூட்டரும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

இப்போது உங்கள் ரம்பம். வட்ட ரம்பம் சுமார் 1,500 வாட் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். மாவெரிக்கில் கம்பெனி தருகிற பிளக் 400 வாட். அதில் கார்ட்லெஸ் டிரில்லின் பேட்டரியை சார்ஜ் போடலாம், லேப்டாப், விளக்கு, அவ்வளவுதான். கடையில் 2,000 வாட் இன்வர்ட்டர் வாங்கி 12 வோல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும்? 2,000-ஐ 12-ஆல் வகுங்கள், 167 ஆம்பியர், இன்வர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 185 பக்கம் வரும். அத்தனை ஆம்பியரை அந்தச் சின்ன பேட்டரியிலிருந்து உருவுவது வண்டியின் மூளைக்குச் சோறு போடுகிற கையை முறுக்குவது மாதிரி. வேண்டாம்.

வண்டியிலிருந்தே பெரிய கருவிகளை ஓட்ட வேண்டும் என்றால் மின்சாரம் பெரிய பேட்டரி பக்கத்திலிருந்து வர வேண்டும், அப்படிக் கம்பெனியே கட்டிய வண்டிகள் இருக்கின்றன. எஃப்-150 பவர்பூஸ்டில் 2.4 கிலோவாட் சாதாரணமாகவே வரும், ஆப்ஷனில் 7.2 கிலோவாட். அதன் பேட்டரி 1.5 கிலோவாட் மணி மட்டுமே, அது இறங்க இறங்க எஞ்சின் தானாக ஓடி நிரப்பும். பிஒய்டி ஷார்க் மாதிரி பிளக்-இன் பிக்கப்பில் கிட்டத்தட்ட 30 கிலோவாட் மணி பேட்டரி, அது வேறு ரகம். இந்த வெளிமின்சாரம் அப்புறம் மாட்ட முடியாதவற்றில் முதலாவது. வேலைத்தளத்தில் கரண்ட் இல்லாமல் தினமும் தவிப்பவர் என்றால் ரிம், தோல் சீட் எல்லாம் கிடக்கட்டும், அந்த ஒரு ஆப்ஷனுக்காகவே வண்டியை மாற்றி யோசிக்கலாம். எப்போதாவது என்றால் கார்ட்லெஸ் ரம்பமும் கூடுதலாக இரண்டு பேட்டரியும் போதும்.

அடுத்து, நிறுத்தி வைத்திருக்கும்போது கரண்ட் தின்கிற சாமான்கள். என்னுடைய முந்தைய ஹைப்ரிட்டில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வைத்தேன். துணைக்கருவிக் கடையில் ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டார்கள், சாவி அணைத்தாலும் ஓடும். சராசரி 3 ஆம்பியர். 45 ஆம்பியர் மணி பேட்டரி, பதினைந்து மணி நேரத்தில் காலி. காலையில் கதவைத் திறந்தால் உள்விளக்கு மின்மினி மாதிரி எரிந்தது, பட்டனை அழுத்தினால் டக் டக் என்று ஒரு சத்தம், வண்டி ஓடத் தயார் என்று காட்டுகிற ரெடி விளக்கு வரவே இல்லை. பின்னால் பெரிய பேட்டரியில் போதுமான கரண்ட் இருக்கிறது, ஆனால் அதை வண்டியோடு இணைக்கிற சுவிட்ச்சை மூடுவதற்கு 12 வோல்ட் வேண்டும், அது இல்லை. டேஷ்கேம் போடுகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள், மின்னழுத்தம் குறைந்தால் தானாக அணைகிற ஒயரிங் கிட் வாங்குங்கள்.

மாவெரிக்கின் தொட்டியில் 12 வோல்ட் இணைப்பு இரண்டு, 20 ஆம்பியர் வீதம், கம்பெனியே இழுத்து வைத்திருக்கிறது. தொட்டி விளக்கு, சின்ன ஏர் பம்ப், எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துங்கள், பானெட்டுக்கு அடியிலிருந்து புதிதாக ஒயர் இழுக்காதீர்கள்.

கடைசியாக, ஆரஞ்சு நிறம். உயர் மின்னழுத்த ஒயர்கள் ஆரஞ்சு உறையில் இருக்கும். தொட்டியில் கருவிப் பெட்டியை இறுக்க தரையில் துளை போடும் முன் கீழே படுத்து, விளக்கடித்து, அந்த இடத்துக்கு நேர் அடியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நண்பர் ஒருவரின் வண்டியில் டிரில் முனை வெளியே வந்த இடத்துக்கும் ஆரஞ்சு குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தொட்டியில் இருக்கிற கொக்கிகளிலும் பக்கவாட்டு ரெயிலிலும் கட்டினாலே போதும், துளையே வேண்டாம்.

மண்பாதை

மின்கம்பி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டயரை எல்லோரும் தள்ளிவிடுவதுதான் பிடிக்கவில்லை. நான் போகிற வேலைத்தளங்களில் பாதி சேறு. கம்பெனி டயர் மைலேஜுக்காக வழுவழுவென்று செய்தது, ஈர மண்ணில் நான்கு சக்கரம் இழுத்தாலும் பிடிக்கிறது டயர்தான். நல்ல ஆல் டெரைன் போட்ட அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. லிஃப்டும் இரண்டு அங்குலம் போட்டேன், அடி தட்டவில்லை. மைலேஜ் குறைந்தது உண்மை, அது எனக்குப் பரவாயில்லை.

பழையகியர்

மண்பாதை, டயர் பற்றி நீங்கள் சொல்வது சரி, நான் மறுக்கவே இல்லை. நான் வேண்டாம் என்பது *பெரிய* டயரை. 17 அங்குல ரிமில் மாவெரிக்குக்கு வருவது 225/65. அதே அளவில் ஆல் டெரைன் கிடைக்கும், அதைப் போடலாம். 245/65 போட்டால் விட்டம் 724 மில்லியிலிருந்து 750-க்குப் போகும், மூன்றரை சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-ஐத் தாண்டிப் போகும். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும், அதனால் மைலேஜ் கணக்குப் போடும்போது உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்த மாதிரி தெரியும். உங்கள் கணக்கில் இதைச் சேர்த்துப் பாருங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எடையையும் கவனியுங்கள். லாரி ரகத்து இ-லோடு டயர் ஒவ்வொன்றும் பல கிலோ கூடுதல், அது சுற்றுகிற எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. பத்துப் பலகை ஏற்றாத நாளில் வண்டி குதிரை மாதிரி குதிக்கும். இந்த அளவு வண்டிக்கு அந்த ரகம் தேவையில்லை.

லிஃப்ட் பற்றி. இது சேஸிஸ் தனியாக, பாடி தனியாக இருக்கிற பழைய பிக்கப் இல்லை, கார் மாதிரி ஒரே கூடு. ஆல் வீல் மாடலில் பின்பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன். ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் நான்கு சக்கர ஆக்ஸில்களின் ஜாயின்ட்டுகளும் எப்போதும் கோணலாகவே சுற்றும், ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும். வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கேமராவுக்கும் அளவு மறுபடி எடுக்க வேண்டி வரும். இதையெல்லாம் தெரிந்து செய்தால் செய்யலாம். பிளைவுட் ஏற்றுகிறவருக்கு இன்னொரு கேள்வி: இரண்டு அங்குலம் உயர்ந்த தொட்டிக்குள் 32 கிலோ பலகையை தினமும் தூக்கி வைப்பது யார்?

மண்பாதை

பலகை விஷயம் நான் யோசிக்கவில்லை. அவருக்கு லிஃப்ட் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வேண்டும், என் பாதை அப்படி.

அளவுகோல்

மைலேஜ் பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன், ஏனென்றால் ஹைப்ரிட்டில் எந்த மாற்றம் எங்கே வலிக்கும் என்பது சாதாரண வண்டியிலிருந்து வேறுபடும்.

முன்சக்கர மாவெரிக் ஹைப்ரிட் 2022-இல் வந்தபோது அமெரிக்க அரசின் சோதனை எண் ஊருக்குள் 42, நெடுஞ்சாலையில் 33 மைல், ஒரு கேலனுக்கு. நம் கணக்கில் லிட்டருக்கு சுமார் 17.9-உம் 14-உம் கிலோமீட்டர். ஆல் வீலில் கொஞ்சம் குறையும். பெட்ரோல் வண்டியில் நெடுஞ்சாலைதான் அதிகம் தரும், இங்கே தலைகீழ். ஊருக்குள் பிரேக் போடும்போதெல்லாம் வண்டியின் வேகத்தில் இருக்கிற சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. நெடுஞ்சாலையில் காற்றைக் கிழிப்பதற்குச் செலவான சக்தி திரும்பி வருவதே இல்லை.

ஆகவே எடையைக் கூட்டினால் ஊருக்குள் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும். காற்றில் நிற்கிற பொருளை மாட்டினால், கூரை ரேக், கேபினை விட உயரமான கேனோபி, கிரில்லுக்கு முன் லைட் பார், அகல டயர், எதுவும் திரும்பாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், 80-இல் ஓட்டுவதற்கும் 110-இல் ஓட்டுவதற்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூரை ரேக் வாங்கினால் தேவைப்படாத நாளில் கழற்றி வையுங்கள், அதுதான் நான் தருகிற ஒரே மைலேஜ் ஆலோசனை.

டெயில்கேட்டைத் திறந்து போட்டால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொல்வார்கள். மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகச் சிக்கி நின்று, மேலே வருகிற காற்று அதன் மேல் வழுக்கிப் போகிறது. திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடும். மூடியே ஓட்டுங்கள்.

டிரெய்லரோடு மலை இறங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டரி 1.1 கிலோவாட் மணி. வண்டியும் டிரெய்லரும் சேர்த்து 2,500 கிலோ என்றால் 160 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தியே அந்த முழு பேட்டரிக்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஆனால் பேட்டரியும் ஒருபோதும் முழுக்கக் காலியாக இருப்பதில்லை. நீண்ட இறக்கத்தில் சீக்கிரமே பேட்டரி நிரம்பிவிடும், அதற்கு மேல் மோட்டார் பிடித்து இழுக்காது. அப்போது எஞ்சின் தானாக இரைந்து சுற்றும், பயப்பட வேண்டாம், அது உங்களுக்காகப் பிரேக் பிடிக்கிறது. இறக்கத்தின் தொடக்கத்திலேயே லோ மோடுக்கு மாற்றிவிடுங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருப்பது இதனால்தான் முக்கியம், மின்சாரத்தில் இயங்குகிற டிரெய்லர் பிரேக்குக்கு ஒரு கன்ட்ரோலர் வேண்டும், அது டோயிங் பேக்கேஜிலேயே வருகிறது.

நெடுஞ்சாலை

நான் ஒரு வரியில் சொன்னதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறதென்று இப்போதுதான் எனக்கே முழுசாகப் புரிகிறது. நன்றி அளவுகோல்.

பொன்வண்டு

நான் செடி, தொட்டி மண், உரம் ஏற்றுகிறவள், அதனால் பின்தொட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன் தம்பி.

உள்பூச்சு முதல் வேலை. பிளாஸ்டிக் அச்சில் வார்த்த லைனர் ஒன்றை அப்படியே உள்ளே இறக்கி வைப்பார்கள், மலிவு. என் முதல் வண்டியில் அதுதான். மூன்று வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் அதற்கு அடியில் மணலும் தண்ணீரும் சிக்கி, வண்டி அதிர அதிர உப்புத்தாள் மாதிரி தேய்த்து, நான்கு மூலையிலும் பெயின்ட் போய்த் துரு. அன்றைக்கு நான் பட்ட வருத்தம் சொல்லி முடியாது. ஸ்பிரேயாக அடிக்கிற பூச்சு உலோகத்தோடு ஒட்டிவிடும், அடியில் எதுவும் போகாது. அதைக் கம்பெனி ஆப்ஷனாகவே எடுங்கள், வண்டி அழுக்காகும் முன், முதல் கீறல் விழும் முன் அடிப்பதுதான் சரி. அதற்கு மேல் ஒரு கனமான ரப்பர் மேட் போட்டால் பெட்டி வழுக்காது, முட்டியும் வலிக்காது.

மூடிக்கு வருவோம். சுருட்டுகிற மூடி அழகு, ஆனால் கேபின் பக்கம் அது சுருண்டு உட்கார ஒரு டப்பா தொங்கும், பலகை அடுக்கு உயர்ந்தால் மேல் பலகை அதில் இடிக்கும். மூன்றாக மடிகிற மூடியில் அந்த டப்பா இல்லை, ஆனால் முழுக்க மடித்து நிறுத்தினால் பின்கண்ணாடியை மறைக்கும். துணி மூடியைக் கத்தியால் கிழித்துவிடலாம், கருவி வைக்கிறவருக்கு அது ஆகாது. எந்த மூடியும் நூறு சதவீதம் தண்ணீரைத் தடுக்காது, டெயில்கேட்டின் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினால் பெரும்பாலும் நிற்கும்.

உங்கள் பிளைவுட் விஷயத்துக்கு மாவெரிக்கில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. தொட்டி நாலரை அடிதான், ஆனால் டெயில்கேட் பாதியில் நிற்கும், அப்படி நிற்கும்போது சக்கர மேட்டுக்கு நேராக வரும், எட்டுக்கு நாலு பலகை அதன் மேல் சமமாகப் படுக்கும். பக்கச் சுவரில் பள்ளங்கள் வார்த்திருப்பார்கள், அதில் இரண்டுக்கு நாலு, இரண்டுக்கு ஆறு கட்டைகளைக் குறுக்கே சொருகி நடுவில் தாங்கு கொடுக்கலாம், தடுப்பும் செய்யலாம். நீங்கள் தச்சர், இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதே இல்லை. கேனோபி போட்டால் ஓரத்தில் நின்று பலகையைச் சாய்த்து இறக்குகிற வசதி போய்விடும், பின்னால் இருந்து மட்டும்தான் தள்ள முடியும். அதைவிட மூடி போதும் என்பது என் கருத்து.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்குச் சிவப்புத் துணி கட்ட மறக்காதீர்கள்.

நான்குகால்

குறுக்கே வருகிறேன், ஹைப்ரிட் பிக்கப் வாங்குகிற எல்லோருக்குமாக. நிறைய வண்டிகளில் பெரிய பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, டொயோட்டா டன்ட்ராவின் ஹைப்ரிட்டும் அப்படித்தான். காற்றால் குளிர்கிற பேட்டரி என்றால் கேபினிலிருந்தே காற்றை உறிஞ்சும், சீட்டுக்குக் கீழே ஒரு ஜன்னல் மாதிரி வலை இருக்கும். நாய் ஏற்றுகிறவர்கள் அந்த வலையைப் பாருங்கள். நான் கழற்றியபோது உள்ளே இருந்த வடிகட்டி கம்பளி மாதிரி இருந்தது, முழுக்க என் நாயின் முடி. கீழே வரை தொங்குகிற சீட் கவர், சீட்டுக்கு அடியில் திணிக்கிற பெட்டி, இரண்டும் வாங்கும் முன் உங்கள் வண்டியில் அந்த வலை எங்கே என்று கையேட்டில் பாருங்கள்.

தச்சுப்பட்டறை

அக்கா, லைனர் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்தவுடன் ஸ்பிரே பூச்சை ஆர்டரில் சேர்த்துவிட்டேன். கேனோபியை எடுத்துவிட்டேன். 18 அங்குல ரிம், லைட் பார், இந்த இரண்டுக்கும் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

பழையகியர்

17-லேயே இரு. பக்கச்சுவர் உயரமான டயர் குழியில் விழுந்தால் தாங்கும், அளவும் எளிதாகக் கிடைக்கும். ஸ்டெப்னி தொட்டிக்குக் கீழே தொங்கும், இறக்கிப் பழகிக்கொள், அதை இறக்குகிற கம்பி எங்கே இருக்கிறது என்று பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை செய்து பார்.

மின்கம்பி

லைட் பார் போடுவதானால் கூரையிலோ தொட்டிப் பக்கமோ. முன் முகத்தில் வேண்டாம். வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்துகிற குரூஸ், மோதல் எச்சரிக்கை, இவற்றின் ரேடார் பல வண்டிகளில் கிரில், பம்பர் பக்கம்தான் ஒளிந்திருக்கும். ஒரு கடையில் பொருத்திய லைட் பாரின் பிராக்கெட் ரேடாருக்கு முன் ஒரு விரல் அகலம் நீட்டியிருந்தது, நூறு கிலோமீட்டருக்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்து குரூஸ் நின்றுவிட்டது. கழற்றினேன், அடுத்த தடவை ஸ்டார்ட் செய்ததும் சரி. சில வண்டிகளில் கிரில்லுக்குப் பின்னால் தானாகத் திறந்து மூடுகிற இதழ்களும் உண்டு, அதற்கு முன்னால் எதை நிறுத்தினாலும் காற்றோட்டம் கெடும்.

துருத் தடுப்புக்கு அண்டர்கோட்டிங் அடிப்பதானால் ஆரஞ்சு ஒயர், கனெக்டர், சைலன்ஸர், இவற்றை மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

தச்சுப்பட்டறை

முடிவு: டோயிங் பேக்கேஜ், ஸ்பிரே பூச்சு, 400 வாட் பிளக், 17 அங்குல ரிம். வேறு எதுவும் இல்லை. வண்டி வந்ததும் எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தச்சுப்பட்டறை (நான்கு மாதம் கழித்து)

வண்டி வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நாளே கதவு ஸ்டிக்கரைப் பார்த்தேன். விளம்பரத்தில் சொன்ன 680-ஐ விடக் குறைவுதான், பழையகியர் ஐயா சொன்ன மாதிரியே. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி சூரியத் தடுப்பில் செருகி வைத்திருக்கிறேன், பலகை ஏற்றும்போது எண்ணிக்கொண்டே ஏற்றுகிறேன். டிரெய்லர் போகிற நாளில் பலகை ஆறோடு நிறுத்திவிடுகிறேன்.

ரம்பம் கார்ட்லெஸ் வாங்கிவிட்டேன். ஒரு பேட்டரி வேலை செய்யும்போது இன்னொன்று தொட்டியில் பிளக்கில் சார்ஜ் ஆகிறது, அந்த 400 வாட் எனக்குப் போதுமாக இருக்கிறது. மூன்றாக மடிகிற மூடி ஒன்று, இரண்டாவது மாதம் போட்டேன். டயர் இன்னும் கம்பெனி டயர்தான், தேய்ந்த பிறகு அதே அளவில் ஆல் டெரைன். லிஃப்ட் நினைப்பே வரவில்லை. முதல் தடவை டிரெய்லரோடு நீண்ட இறக்கத்தில் எஞ்சின் இரைந்தபோது அளவுகோல் எழுதியது ஞாபகம் வந்தது, இல்லையென்றால் ஓரமாக நிறுத்திப் பார்த்திருப்பேன்.

பொன்வண்டு

குறுக்குக் கட்டை போட்டீர்களா? என் வண்டியில் இரண்டுக்கு ஆறு சொருகினேன், அதிர்வில் கடகடவென்று ஆடுகிறது.

தச்சுப்பட்டறை

போட்டேன் அக்கா, எனக்கும் முதலில் ஆடியது. இரண்டுக்கு ஆறு என்று பெயர்தான், இழைத்து வருகிற கட்டை உண்மையில் 38-க்கு 140 மில்லி, அதனால் பள்ளத்துக்குள் கொஞ்சம் இடம் மிஞ்சும். இரண்டு முனையிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு சுற்று சுற்றி, உள்பக்கம் இரண்டு ஆணி அடித்துவிடுங்கள். சுத்தியால் லேசாகத் தட்டி இறக்குகிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். மழையில் மரம் கொஞ்சம் ஊதும், அதனால் முனைக்கு மட்டும் வார்னிஷ் இரண்டு கை கொடுத்துவிட்டுச் சொருகுங்கள், இல்லையென்றால் வெளியே எடுக்க வராது.